திருச்சியில் அரைமணி நேரம்

அன்புள்ள ஐயா,

ஃபேஸ்புக்கில் ஒரு மாடித்தோட்டக் குழுவில் இருக்கிறேன். அங்கே பழக்கமான ஒருவரோடு நான்கு வருடமாகப் பேச்சு. அவர் மூக்குத்தி அவரை விதை அனுப்பியதில் ஆரம்பித்தது. அப்புறம் வீட்டு விஷயம், என் கடன், அவர் மகள் கல்யாணம் என்று எல்லாம் வந்துவிட்டது. போன மாதம் திருச்சியில் முதல் தடவையாகச் சந்தித்தோம். அரைமணி நேரத்தில் பேச்சு தீர்ந்துபோய், இரண்டு பேரும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை நாள் பழகியது பொய்யா?

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

பொய்யில்லை. இந்நேரம் யாராவது உங்களிடம் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையைச் சொல்லியிருப்பார்கள். பார்க்காமலே நட்பு, சரி. ஆனால் பிசிராந்தையார் வந்து சேர்ந்தது, சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்த இடத்துக்கு. காபியை ஆற்றிக்கொண்டே 'அப்புறம்?' என்று கேட்கவேண்டிய சங்கடம் அவர்களுக்கு வரவில்லை.

கடனைப் பற்றி ராத்திரி பதினோரு மணிக்கு எழுத முடிந்தது, எதிரே முகம் இல்லாததால்தான். எழுதி, அழித்து, திரும்ப எழுதி அனுப்பியிருப்பீர்கள். திருச்சியில் எதிரே உட்கார்ந்தவரோ உங்கள் கடன் விவரமெல்லாம் தெரிந்த ஒரு புது மனிதர். கூச்சம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் ஆர்க்குட் காலத்து ஆள்; அதுவும் ஃபேஸ்புக் மாதிரி ஒரு சமூக வலைத்தளம்தான். ஒரு கம்யூனிட்டியில் என்னோடு ஓயாமல் சண்டை போட்ட ஒருவர், திடீரென்று எனக்கு டெஸ்டிமோனியல் எழுதினார், அதாவது என் பக்கத்தில் போட ஒரு பாராட்டுக் குறிப்பு. நாம் ஒப்புக்கொண்டால்தான் அது மற்றவர் கண்ணில் படும். அவ்வளவு புகழ்ச்சியைப் பார்த்து வெட்கப்பட்டு ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்க்குட்டை மூடினார்கள். அவருடைய சொந்தப் பெயரே எனக்குத் தெரியாது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. புனைபெயரை வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவது? உங்களுக்குத் திருச்சியாவது கிடைத்தது.

எனக்குக் கோபமெல்லாம் அந்த 'நண்பர்' என்ற சொல்மீதுதான். ஃபேஸ்புக்கில் 5,000 பேர்வரை ஒரே பட்டியலில் சேர்க்கலாம். மாமனாரும் அதில், மேனேஜரும் அதில், உங்கள் விதைக்காரரும் அதில். அவரை நீங்கள் முதலில் நண்பராகவா தேடிப் போனீர்கள்? அவரை விதைக்குத்தானே போனீர்கள்.

அடுத்த தடவை ஓட்டலில் எதிரெதிரே உட்காராதீர்கள். அவர் வீட்டு மாடிக்கே போங்கள். ஏதாவது ஒரு செடியில் மாவுப்பூச்சி இருக்கும்.