மிஸ்ஸி (நர்ஸ்) அக்கா பதில்கள்: 39 வயசுல நர்சிங் கிளாஸ்

அக்கா, எனக்கு 39 வயசு, 14 வருஷமா அக்கவுண்ட்ஸ் கிளார்க். வர்ற ஏப்ரல்ல பொலியில (பொலிடெக்னிக்), வேலை மாத்திக்கிறவங்களுக்கான 2 வருஷ நர்சிங் டிப்ளோமாவுல இடம் கெடச்சிருக்கு. இன்னும் அஞ்சு மாசம் இருக்கேன்னு செகண்ட் ஹேண்ட்ல தலகாணி சைஸ்ல ஒரு அனாட்டமி புக் வாங்கினேன், 30 பக்கம் தாண்டல, படிச்சதும் நிக்க மாட்டேங்குது. ஊர்ல தமிழ் மீடியத்துல பயாலஜி படிச்சது, அதோட தொடவே இல்ல. பிள்ளைங்க பிரைமரி 4, செகண்டரி 1. மாமியார் கூட இருக்காங்க, இன்சுலின் போடுறவங்க. இந்த புக்க எப்படிக்கா முடிக்கிறது?
- உட்லண்ட்ஸ் வாசகி, சிங்கப்பூர்

முடிக்க வேணாம்மா. மூடி வைங்க. 206 எலும்போட பேரையும் இப்பவே மனப்பாடம் பண்ணிட்டுப் போனாலும் அங்க லெக்சரர் மறுபடி முதல்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, சொல்லிக்குடுக்கத்தானே உங்கள சேர்த்திருக்காங்க. ரொம்ப ஆசையா இருந்தா இதயம், நுரையீரல், கிட்னி இந்த மூணும் எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் பாருங்க, ரத்தம் எந்த அறையில நுழைஞ்சு எந்த அறை வழியா வெளிய போகுதுன்னு ஒரு வெள்ளைத்தாள்ல பார்க்காம வரைய வந்துட்டா போதும். அப்புறம் வார்த்தைங்க. முழு வார்த்தையா படிச்சா மலைப்பா இருக்கும், உடைச்சுப் படிங்க. வால்ல ஐட்டிஸ்னு வந்தா அழற்சி, எக்டமின்னு வந்தா வெட்டி எடுக்குறது, ஹைப்போன்னா கொறச்சல், ஹைப்பர்னா அதிகம், நெஃப்ரோன்னா கிட்னி சமாச்சாரம். இந்த மாதிரி ஒரு அம்பது துண்டு கையில இருந்தா நெஃப்ரெக்டமின்னு யாராவது சொல்லும்போது முழிக்க மாட்டீங்க. நன்யாங் பொலியா இருந்தா உட்லண்ட்ஸ்ல இருந்து இயோ சூ காங்குக்கு ஆறு ஸ்டேஷன், தினம் அஞ்சு துண்டுன்னு வச்சாலும் எம்ஆர்டி ரயில்லயே முடிஞ்சிரும்.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன், அதுதான் அவசரம். தடுப்பூசி. ஹெப்படைட்டிஸ் பி மூணு டோஸ்மா, முதல் ஊசிக்கு ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது, உங்ககிட்ட இருக்கிறதே அஞ்சு மாசம். ஊர்ல சின்ன வயசுல போட்டதுக்கு கார்டு இருக்காது, இங்க அரசாங்கத்தோட ஹெல்த்ஹப் ஆப்ல தேடினாலும் நீங்க ஊர்ல போட்டது வராது. அதனால இந்த வாரமே ஒரு கிளினிக்குக்குப் போய் ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு டெஸ்ட் பண்ணிட்டு இல்லாததப் போட ஆரம்பிங்க. தட்டம்மை ஊசி, சின்னம்மை ஊசி ரெண்டும் ரெண்டு ரெண்டு டோஸ், நடுவுல இடைவெளி விடணும், வயித்துல பிள்ளை இருந்தா இந்த ரெண்டையும் போடக்கூடாது. டிபிக்கு நெஞ்சு எக்ஸ்ரே கேப்பாங்க. எது எது வேணும்னு ஸ்கூல் அனுப்புற பேப்பர்ல இருக்கும், அந்தப் பேப்பர் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தா வார்டுக்குப் போற தேதி இடிக்கும்.

அடுத்தது கணக்கு, இதுல நீங்கதான் ராணி. பத்து காசு டேலி ஆகலன்னா ராத்திரி வரைக்கும் தேடுற கை உங்களோடது, அந்தப் பழக்கம் வார்டுல தங்கம். ஆனா ஆபீஸ் கணக்கு வேற, மருந்துக் கணக்கு வேற. 100 மில்லிகிராம் 2 மில்லியில இருக்கு, டாக்டர் 75 எழுதிருக்காரு, ஊசியில எவ்வளவு இழுப்பீங்க? ஒன்றரை மில்லி. 500 மில்லி டிரிப் 4 மணி நேரத்துல ஓடணும், செட்டுல ஒரு மில்லிக்கு 20 சொட்டு, அப்ப நிமிஷத்துக்கு எத்தன சொட்டு? 500ஐ 20ஆல பெருக்கி 240 நிமிஷத்தால வகுத்தா 42 கிட்ட வரும். இப்பல்லாம் பம்ப் இருக்கேம்பாங்க, பம்ப்புக்கு நம்பர் தட்டுறது யாரு? மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவுல ஆயிரம் மடங்கு இருக்குங்கறது கனவுல எழுப்பிக் கேட்டாலும் வரணும். நான் மாணவியா இருந்தப்ப சார்ட்ல புள்ளி அஞ்சுன்னு எழுதினேன், முன்னாடி பூஜ்யம் போடல. இன்ஸ்ட்ரக்டர் அந்தத் தாள கண்ணுக்கு நேரா நீட்டி, இந்த மங்கல் வெளிச்சத்துல இது என்ன நம்பர்னு கேட்டாங்க. அஞ்சு மாதிரிதான் தெரிஞ்சுது. பத்து மடங்கு. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. 0.5ன்னுதான் எழுதணும், அதே மாதிரி 5ஐ 5.0ன்னு எழுதக்கூடாது, புள்ளி மறைஞ்சா 50 ஆயிரும்.

இப்ப வீட்டு விஷயம், நான் பாத்த வரைக்கும் நடுவுல நின்னு போனவங்க யாரும் பாடம் கஷ்டம்னு நிக்கல, வீடு சரியா இல்லாமத்தான் நின்னாங்க, அதனால இத நீட்டித்தான் சொல்லுவேன். அட்டாச்மென்ட், அதாவது ஆஸ்பத்திரி வார்டுல பயிற்சி, ஆரம்பிச்சா காலை ஷிஃப்ட்டுக்கு நீங்க அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பணும், பிற்பகல் ஷிஃப்ட்டுன்னா வீடு வந்து சேர ராத்திரி 10 தாண்டிரும். அப்ப காலையில சின்னவன எழுப்புறது யாரு, மாமியார் இன்சுலின் போட்டுட்டு சாப்பிட்டாங்களான்னு பாக்குறது யாரு? ஏப்ரல்ல யோசிச்சுக்கலாம்னு விடாதீங்க. ஜனவரியிலயே ஒரு வாரம் ஒத்திகை பாருங்க, நீங்க வீட்டுலயே இருங்க, ஆனா அஞ்சு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க, கூப்பிட்டாலும் எழுந்து போகாதீங்க. சாம்பார் அடி பிடிக்கும், பெரியவ யூனிஃபார்ம் கசங்கிப் போவா, பாத்துட்டு கை துடிக்கும், பரவால்ல. வீட்டுக்காரர்கிட்ட "ஹெல்ப் பண்ணுங்க"ன்னு கேக்காதீங்க, ஹெல்ப்புன்னா முடிஞ்சா செய்யறதுன்னு அர்த்தம் ஆயிரும், செவ்வாயும் வியாழனும் சமையல் உங்களோடதுன்னு சொல்லிருங்க. மாமியார் இன்சுலின் போடுறத இப்பவே கூட இருந்து பாருங்க, எந்த இடத்துல குத்துறாங்க, தினம் இடம் மாத்துறாங்களா, சுகர் எறங்கினா கை நடுங்குதா வேர்க்குதான்னு. முதல் பேஷண்ட் உங்க வீட்டு சோபாவுலயே இருக்காங்க, புக்க போய்த் தேடுறீங்களே.

சம்பள விஷயத்துல ஒரே வரி: படிக்கும்போது ஆஸ்பத்திரிக்காரங்க அலவன்ஸ் குடுத்து, முடிச்சதும் அங்கயே வேலை செய்யணும்னு பாண்ட் போடுவாங்க, எத்தன வருஷம், நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க, அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு இத நான் சொல்லத் தேவையில்ல.

இங்கிலீஷ் பயம் எழுதலன்னாலும் லெட்டர்ல தெரியுது. வார்டுல பாதி நேரம் இங்கிலீஷே ஓடாதும்மா. மலாய் பாட்டி சாகிட்னா வலி, பூசிங்னா தலை சுத்தல், ஹொக்கியன் தாத்தாவுக்கு வலி தியா, மாண்டரின்ல தொங், இத தெரிஞ்சுக்கிட்டா முதல் வாரம் ஓடிரும். நம்ம ஊரு ஐயா ஒருத்தர் "நெஞ்சு கரிக்குது தாயி, வவுறு பொருமுது"ன்னு சொல்லும்போது வார்டே உங்களத்தான் தேடி வரும். அதுக்குத் தனியா காசு தர மாட்டாங்க, ஆனா அந்த ஐயா உங்க கைய விட மாட்டாரு.

அப்புறம் தினம் பசியாறிட்டுப் போங்க. நான் முதல் தடவ புண்ணுக்கு டிரஸ்ஸிங் பாக்கப் போனப்ப வெறும் வயித்தோட போய் மயங்கி விழுந்து, பேஷண்ட்டே "மிஸ்ஸிக்கு தண்ணி குடுங்க"ன்னு கத்தினாரு.

*

அக்கா, ஓ லெவல் எழுதிட்டேன், நர்சிங் போகணும்னு ஆசை. அப்பா ஆம்பள பையனுக்கு அந்த வேலை எதுக்குன்னு கேக்குறாரு. என்ன சொல்றது?
- ஜூரோங் வாசகர்

தம்பி, அப்பா நினைப்பு எங்க இருந்து வந்துச்சுன்னா, சிங்கப்பூர்ல நர்சிங்க ஆரம்பிச்சதே 1885 ஆகஸ்ட் 1ல பிரெஞ்சு கன்னியாஸ்திரிங்கதான், அதனாலதான் நர்ஸ் டே ஆகஸ்ட் 1. அந்தப் படம் இன்னும் மனசுல நிக்குது. ஆனா வார்டுல வந்து பாக்கச் சொல்லு. 90 கிலோ ஆளத் திருப்பிப் படுக்க வைக்க எங்களுக்கு ரெண்டு பேர் வேணும், யூரின் டியூப் போடணும்னா "மிஸ்ஸி வேணாம், தம்பி யாராச்சும் இருந்தா அனுப்புங்க"ன்னு எத்தன பெரியவங்க கூச்சப்பட்டுக் கேட்டிருக்காங்க தெரியுமா. நன்யாங், ங்கீ ஆன் ரெண்டு பொலியிலயும் 3 வருஷ டிப்ளோமா இருக்கு, முடிச்சு நர்சிங் போர்டுல பதிஞ்சா ரெஜிஸ்டர்ட் நர்ஸ். மார்க் பத்தலன்னா ஐடிஇ (தொழிற்கல்விக் கழகம்) வழியா, அதுக்கு ஒரு படி கீழ இருக்கிற என்ரோல்ட் நர்ஸ் ஆகி மேல படிக்கலாம், அப்படி ஏறி வந்தவங்க கை வேலையில என்னைய விடக் கெட்டி. ஓப்பன் ஹவுஸுக்கு அப்பாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போ, அங்க நீ பேசாத, அவரையே கேள்வி கேக்க விடு.

*

அக்கா, அடுத்த மாசம் அட்டாச்மென்ட். தாலி, வளையல், மெட்டி எல்லாம் கழட்டணுமா? அத்தை முகத்த தூக்கி வச்சுக்கிட்டு இருக்காங்க.
- தெம்பனிஸ் வாசகி

வளையல், கல்லு வச்ச மோதிரம் கண்டிப்பா கழட்டணும், முழங்கைக்குக் கீழ எது இருந்தாலும் கை கழுவினதா கணக்கில்ல, இடுக்குல அழுக்கு நிக்கும். நகப்பூச்சும் வேணாம். மெட்டி ஷூவுக்குள்ள போயிரும், ஆனா எட்டு மணி நேரம் நின்னா விரல் வீங்கும். தாலி விஷயம் ஸ்கூலுக்கு ஸ்கூல் வேறயா இருக்கும், இன்ஸ்ட்ரக்டர்கிட்ட முதல் நாளே கேட்டுருங்க. மஞ்சக் கயிறா இருந்தா வேர்வையில ஊறும், குனியும்போது வெளிய தொங்கி பேஷண்ட் மேல படும், மறதியில இருக்கிற வயசானவங்க பிடிச்சு இழுத்தும் இருக்காங்க. நான் கழுத்தோட ஒட்டுன மாதிரி சின்ன செயின்ல கோத்து யூனிஃபார்முக்குள்ள விட்டு, உள்ள ஒரு ஊக்கு குத்திக்குவேன். அத்தைக்கு அந்த ஊக்கக் காட்டுங்க.