எல்க் வேட்டைக்கு எந்தக் குண்டு? கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் என்னும் பெரிய மான் வேட்டையின் ரைஃபிள் சீசன் அக்டோபரில் தொடங்கும். தோட்டா வாங்குவதற்கு முன் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என்னிடம் .308 வின்செஸ்டர் ரைஃபிள் இருக்கிறது. எல்க்குக்குப் போதுமா, இன்னும் வலுவான தோட்டா போடும் மேக்னம் துப்பாக்கி வாங்க வேண்டுமா?

பதில்: தாராளமாகப் போதும். புதுத் துப்பாக்கிக்கான பணத்தை நல்ல குண்டிலும் பயிற்சியிலும் போடுங்கள். மேக்னத்தின் உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுத்தால் குறி தவறும். வயிற்றில் அடிபட்ட எல்க் மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். அதை நாம் செய்யக் கூடாது.

கேள்வி: அண்ணா, போன வருஷம் 150 கிரெயின் (குண்டு எடையின் அளவு) சாதாரண ஈயக் குண்டில் மியூல் மான் ஒரே சூட்டில் விழுந்தது. அதையே எல்க்குக்கும் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நல்ல ஆண் மியூல் மான் 100 கிலோ வரும். ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். செம்பு உறைக்குள் ஈயம் நிரப்பிய சாதாரணக் குண்டு, கிட்டத்தில் முழு வேகத்தோடு தோள் எலும்பில் பட்டால் அங்கேயே சிதறிவிடலாம். அப்படிச் சிதறினால் நுரையீரல் வரை போகாது. 1946இல் ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரருக்கும் இதுதான் நடந்தது. கனடாவில் சேறு அப்பிய ஒரு மூஸை (எல்க்கை விடப் பெரிய மான்) அவர் சுட்டார். குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் உருவாக்கியதுதான் பார்ட்டிஷன் குண்டு. நடுவில் ஒரு செம்புத் தடுப்பு இருக்கும்: முன்பாதி காளான் மாதிரி விரியும், பின்பாதி கலையாமல் உள்ளே போகும். இன்றைக்கு ஈயத்தை உறையோடு ஒட்டிய பாண்டட் குண்டுகளும் கிடைக்கின்றன. இரண்டில் எதுவானாலும் 165 அல்லது 180 கிரெயினில் வாங்குங்கள்.

கேள்வி: முழுச் செம்புக் குண்டு எப்படி?

பதில்: எனக்குப் பிடித்தது அதுதான். நான்கு இதழாக விரியும், எடை ஏறக்குறைய அப்படியே மிஞ்சும். ஈயத்தை விட அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்கு நீளம் கூடும். ஆகவே ஒரு படி இறங்கி 150 கிரெயின் எடுத்தால் போதும். ஆனால் விரிய வேகம் வேண்டும். பல குண்டுகளுக்கு நொடிக்கு 1800 முதல் 2000 அடி தேவை. தயாரிப்பாளர் சொல்லும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ஈயத் துணுக்குகள் காயத்திலிருந்து தள்ளியும் இறைச்சியில் தெறித்திருக்கும், எக்ஸ்ரேயில்தான் தெரியும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற கறி அது. நாம் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அது விஷம். காண்டார் என்னும் அரிய பிணந்தின்னிக் கழுகு உள்ளிட்ட உயிரினங்களைக் காக்கக் கலிஃபோர்னியா வேட்டைக்கு ஈயத் தோட்டாவைத் தடை செய்தது. 2019 ஜூலை முதல் அது முழுமையாக அமலில் இருக்கிறது.

கேள்வி: உலோக உறை முழுக்க மூடிய, மலிவான ஃபுல் மெட்டல் ஜாக்கெட் குண்டு?

பதில்: கூடவே கூடாது. அது விரியாமல் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும். சட்டப்படியும் தப்பு. கொலராடோவில் எல்க்குக்கு விரியும் குண்டு, குறைந்தது 85 கிரெயின், 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும்.

கேள்வி: மருந்தும் குண்டும் அடைத்துத் தோட்டாவைச் சொந்தமாக லோடு செய்யலாமா?

பதில்: செய்யலாம். அச்சிட்ட கையேடு சொல்லும் குறைந்த மருந்தளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) தட்டையானாலோ, துப்பாக்கியின் போல்ட் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பாகம்) இறுகினாலோ நிறுத்திவிடுங்கள். செம்புக் குண்டுக்கு ஈயக் குண்டின் மருந்துக் கணக்கைப் போடாதீர்கள். அப்புறம், எந்த லோடை மாற்றினாலும் ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்த (குறி வைத்த இடத்தில் குண்டு படும்படி சரிசெய்த) பிறகே காட்டுக்குப் போங்கள்.