வாசகர் கேள்வி – பதில்: மலவோல்யா வீட்டுக் கடன்

சென்ற இதழில், ஜோவான்னி வெர்கா எழுதிய 'இ மலவோல்யா' என்ற இத்தாலிய நாவலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். 1881-இல் மிலானில் வெளிவந்த அந்த நாவல், சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் கத்தானியா நகருக்கு அருகிலுள்ள ஆச்சி ட்ரெட்ஸா என்ற மீனவ ஊரில், ஒரு வீடும் ஒரு படகும் சொந்தமாக வைத்திருந்த குடும்பம் ஒரே ஒரு கடனால் சிதறிப்போன கதை. அதை முழுவதும் படித்தவர்களும் பாதியில் நிறுத்தியவர்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்று அத்தியாயங்களுக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. யார் எவர் என்றே தெரியாமல் இருபது, முப்பது பேர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆசிரியர் ஏன் ஒருவரையும் முறையாக அறிமுகப்படுத்துவதில்லை?
– ஒரு வாசகி, திருச்சி

உங்கள் சிரமம் நியாயமானது. நூல் வெளிவந்த ஆண்டின் ஏப்ரல் மாதத்திலேயே வெர்கா தம் நண்பரும் எழுத்தாளருமான லூய்ஜி கப்புவானாவுக்கு எழுதிய கடிதத்தில், நாவல் முழுத் தோல்வி அடைந்துவிட்டதாக ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். அன்றைய இத்தாலிய வாசகர்கள், தங்களைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் ஆசிரியரை எதிர்பார்த்துப் புத்தகத்தைத் திறந்தார்கள். இந்தப் புத்தகத்திலோ அப்படி ஒருவர் இல்லை.

இங்கே கதை சொல்வது யார் என்று கேட்டால், ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதுபோல நாவல் நடப்பதால், எல்லோரையும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு பெயரும் வந்து விழுகிறது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வெர்கா அந்த வாயை மூட முயலாமல் பேனாவையே அதன் கையில் கொடுத்துவிட்டார். அதனால் கதைசொல்லி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. குடும்பப் பெயரையே பாருங்கள். பதிவேட்டில் அவர்கள் தொஸ்கானோ வீட்டார். 'மலவோல்யா' என்பது ஊர் வைத்த பட்டப்பெயர், 'வேலைக்கு மனமில்லாதவர்கள்' என்ற பொருள் தருவது. கடலில் இறங்க ஒருநாளும் தயங்காத உழைப்பாளிகளுக்கு அந்தப் பெயர். பட்டப்பெயர் என்றால் அப்படி நேர்மாறாகத்தானே இருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே ஊர் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது.

ஒரு தாளில் வீட்டு மனிதர்களின் பெயர்களை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்குங்கள். தாத்தா பத்ரோன் ந்தோனி. 'பத்ரோன்' என்பது படகு உடையவருக்கு ஊர் தரும் மரியாதை, 'ந்தோனி' என்பது அந்தோனியோவின் சுருக்கம். அவருடைய மகன் பாஸ்தியானாட்சோ, மருமகள் மாருட்சா. பேரப்பிள்ளைகள் ந்தோனி, லூக்கா, மேனா, அலெஸ்ஸி, லியா. மற்றவர்களின் பெயர்கள் குழம்பினால் குழம்பட்டும். புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோனால் முதல் மாதம் அப்படித்தான் இருக்கும்.

மீன்பிடிக் குடும்பம் கடனுக்குப் பருப்பு வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். மீனவருக்குப் பருப்பு வியாபாரம் எதற்கு?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

அவர்கள் வாங்கியது லூபின் என்ற தட்டையான, மஞ்சள் நிறப் பருப்பு. பச்சையாகத் தின்ன முடியாத அளவு கசக்கும். வேகவைத்து, பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பை எடுத்த பிறகு, உப்பிட்டு, பல்லால் தோலைப் பிதுக்கிக் கொறிப்பார்கள். அதாவது, ஏழைகளின் நொறுக்குத் தீனி.

மூத்த பேரன் ந்தோனியை 1863 டிசம்பரில் கடற்படைச் சேவைக்கு அழைத்துக்கொண்டார்கள். இத்தாலி ஒரே நாடாகி மூன்றாண்டுகூட நிறைந்திருக்கவில்லை; பழைய பூர்போன் மன்னர்களின் காலத்தில் சிசிலியில் கட்டாயப் படைச்சேவை கிடையாது. அப்படி ஒரு சட்டம் வரும் என்று எவரும் கணக்குப் போட்டிராத வீட்டில், துடுப்புப் போடும் வலுவான இரண்டு கைகள் திடீரென்று இல்லாமற்போயின. கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டியதாயிற்று. படகை நிறுத்தாமல் ஓட்டுவதற்காகத்தான் தாத்தா, ரிப்போஸ்தோ துறைமுகத்தில் திரியெஸ்தே நகரத்துக் கப்பல் ஒன்று சரக்கு ஏற்றுகிறது என்ற பேச்சைக் கேட்டு, குரோச்சிஃபிஸ்ஸோ என்ற வட்டிக்காரரிடம் பருப்பைக் கடனுக்கு எடுக்கிறார். பருப்பு கொஞ்சம் கெட்டுத்தான் இருந்தது, ஆனால் ட்ரெட்ஸாவில் வேறு பருப்பு இல்லை என்று ஊர் போகிற போக்கில் சொல்கிறது. முழு நாவலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கெட்ட சரக்கைத் தலையில் கட்டியவர் மீது ஊருக்கு ஒரு குறையும் இல்லை, அது வியாபாரம்.

இந்த வட்டிக்காரருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'மரமணி'. மரத்தால் செய்த மணி ஒலிக்காது. அதுபோல, தமக்கு வேண்டாத பேச்சு எதுவும் அவர் காதில் விழாது.

படகின் பெயர் 'புரொவிதென்ட்ஸா', நம் கிறிஸ்தவர்கள் 'தேவ பராமரிப்பு' என்று சொல்லும் சொல். அது புயலில் சிக்கி, பாஸ்தியானாட்சோவும் பருப்பும் கடலுக்குள் போகிறார்கள். மாருட்சா நாள் முழுவதும் கடலைப் பார்த்து நின்றுவிட்டு, பொழுது சாயும் வேளையில் வீட்டை நோக்கி நடக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் எதிரே வருகிறார்கள். அந்த மௌனத்திலேயே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. தலைமுடிக்குள் கைகளைப் பாய்ச்சி, அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி ஒளிகிறாள். தெருவில் நிற்பவர்கள், ஐயோ பாவம், படகில் சரக்கு இருந்ததே, நாற்பது ஓன்ஸாவுக்கு மேல் பெறுமான பருப்பாயிற்றே என்கிறார்கள். (ஓன்ஸா என்பது சிசிலியின் பழைய நாணயம்.) அத்தியாயம் அங்கே முடிகிறது. அடுத்த அத்தியாயமோ, பருப்பைக் கடனுக்கு வாங்கியதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று தொடங்குகிறது. இறந்தவனைப் பற்றி ஆசிரியர் தம் குரலில் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் நமக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கடனைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை என்று வக்கீல் சொன்ன பிறகும் கிழவர் வீட்டை இழக்கிறாரே, இது நேர்மையா, அசட்டுத்தனமா?
– ஒரு வழக்கறிஞர், மதுரை

உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு. கதையை மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு மாருட்சாவின் சீதன உரிமையோடு பிணைக்கப்பட்டிருப்பதால் கடன்காரர் அதைத் தொட முடியாது என்று பட்டணத்து வக்கீல் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். குடும்பத்துக்கு முதலில் ஒரு நிம்மதி வருகிறது. பிறகு கிழவருக்கு அந்த நிம்மதியே உறுத்தத் தொடங்குகிறது. வாங்கியது வாங்கியதுதான் என்பது அவர் அறிந்த ஒரே சட்டம். கடைசியில் ஊராட்சிச் செயலர் தோன் சில்வெஸ்திரோவின் யோசனைப்படி மாருட்சா தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறாள். வீட்டைக் காத்துவந்த ஒரே அரண் அவளுடைய சம்மதத்தாலேயே விழுகிறது.

இதற்குள் வட்டிக்காரர் ஒரு தந்திரம் செய்திருக்கிறார். கடனைத் தரகர் பியேதிபாப்பெராவுக்கு விற்றுவிட்டதாகப் பாவனை காட்டி, நெருக்குவது நானில்லை, அவன்தான் என்று கைகழுவிக்கொள்கிறார். ('வாத்துக்கால்' என்று பொருள்படும் பெயர் அது, ஆள் நொண்டி நடப்பவர்.) ஆக, ஒரு பக்கம் சட்டத்தின் சந்துகளையெல்லாம் அறிந்தவர்கள், மறுபக்கம் சொன்ன சொல்லைத் தவிர வேறு பத்திரம் அறியாத ஒரு கிழவர். என்னைக் கேட்டால், அவர் அசடரும் அல்லர். தம்முடைய சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்கும்வரைதான் தம் படகுக்கு ஆள் கிடைக்கும், பேத்திக்கு வரன் கிடைக்கும் என்று அவர் போட்ட கணக்கு, முந்தைய தலைமுறையில் சரியாகவே இருந்திருக்கும். அவர் கணக்குத் தப்பவில்லை, காசுதான் மாறிவிட்டது. வீடு போன பிறகு அதே ஊர் அவருடைய நேர்மையைப் பாராட்டாமல், ஏமாளி என்று சொல்லிக் கடந்துபோகிறது.

தாத்தாவின் பழமொழிகளில் ஒன்றையாவது சொல்லுங்கள்.
– ஒரு கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

அக்ரூட் மரத்தில் கடைந்ததுபோன்ற தம் முட்டியை மடக்கிக் காட்டி, துடுப்புப் போட வேண்டுமானால் ஐந்து விரலும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்பார். கட்டைவிரல் கட்டைவிரலாக இருக்க வேண்டும், சுண்டுவிரல் சுண்டுவிரலாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்வார். ஐந்து விரலும் ஒன்றாக இருக்குமா என்று நாம் சலித்துக்கொள்ளும் அதே விரல்களை வைத்து அவர் ஒரு குடும்ப ஆட்சிமுறையையே அமைத்துவிடுகிறார்.

பேரன் ந்தோனி ஊதாரி என்று எழுதினீர்கள். வறுமையை ஏற்க மறுத்தது அவன் குற்றமா? வெர்கா பழைமைவாதியா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

'ஊதாரி' என்ற சொல்லை நான் ஊரிடமிருந்து கடன் வாங்கிவிட்டேன் போலிருக்கிறது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவன் கடற்படையில் நேப்பிள்ஸ் போன்ற நகரங்களைப் பார்த்துவிட்டு வந்தவன். இரவும் பகலும் உழைத்துத் தாத்தா எதைச் சாதித்தார் என்று அவன் கேட்கும்போது, வீட்டில் யாரிடமும் பதில் இல்லை, பழமொழிதான் இருக்கிறது. பிறகு அவன் செல்வம் தேடிப் போய்க் கந்தலோடு திரும்பி, சாராயக்கடையில் விழுந்து, கடத்தலில் சேர்ந்து, சுங்கக் காவல் அதிகாரி தோன் மிக்கேலைக் கத்தியால் குத்திச் சிறைக்குப் போகிறான். நீதிமன்றத்தில் அவனைக் காப்பாற்றும் பொருட்டு அவனுடைய வக்கீல், தங்கை லியாவுக்கும் அந்த அதிகாரிக்கும் இருந்த தொடர்பால் மானத்துக்காகக் குத்தினான் என்று வாதாடுகிறார். ஐந்தாண்டுத் தண்டனையோடு அவன் தப்புகிறான். லியா ஊரைவிட்டு ஓடிக் கெட்டழிகிறாள். அந்தப் பழியால் அக்காள் மேனா, வண்டிக்காரர் அல்ஃபியோ தன்னைக் கேட்டு வரும்போது மறுத்துவிடுகிறாள். ஒரு வக்கீலின் நல்ல வாதம் இரண்டு பெண்களின் வாழ்க்கையை முடித்துவைக்கிறது.

வெர்கா நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர், புரட்சிக்காரர் அல்லர். ஆயினும் அரசைப் பற்றி அவர் எழுதிய ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். 1866 ஜூலை 20 அன்று லிஸ்ஸா தீவருகே ஆஸ்திரியக் கடற்படையுடன் நடந்த போரில் 'ரே தித்தாலியா' என்ற போர்க்கப்பல் ஏறத்தாழ 400 பேரோடு மூழ்கியது. லூக்கா அதில் இருந்தான். வீட்டுக்கு எவரும் தகவல் அனுப்பவில்லை. போர் நடந்தது என்று வழிப்போக்கர் வாய்மூலம் கேள்விப்பட்டு, தாத்தாவும் மருமகளும் கத்தானியாவுக்குப் போய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். எழுத்தர் பட்டியலில் விரலை ஓட்டிப் பெயரைக் கண்டுபிடிக்கிறார். நாற்பது நாளுக்கு மேலாகிவிட்டது. லிஸ்ஸாவில்தான், உங்களுக்கு இன்னும் தெரியாதா என்று சொல்லிப் பதிவேட்டை மூடுகிறார். பழைமைவாதி, முற்போக்காளர் என்ற சொற்களில் எதை அந்த எழுத்தருடைய மேசைமேல் வைத்தாலும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நாவல் திரைப்படமாக வந்ததா?
– ஒரு வாசகர், சென்னை

லுக்கினோ விஸ்கோந்தி 1948-இல் 'லா தெர்ரா திரேமா' என்ற பெயரில் எடுத்தார். ஆச்சி ட்ரெட்ஸாவிலேயே, அந்த ஊர் மீனவர்களையே நடிக்கவைத்து, அவர்கள் பேசும் சிசிலிய மொழியிலேயே எடுத்த படம். மற்ற இத்தாலியர்களுக்குப் புரிவதற்காக இடையிடையே ஒரு குரல் விளக்கம் சொல்லும். படத்தில் ந்தோனி, மீன் மொத்த வியாபாரிகளை எதிர்த்துத் தனியே தொழில் செய்ய முயன்று தோற்கிறான். நாவலில் இல்லாத வர்க்கப் போராட்டம் அது. ஆனால் அந்தக் கடலும் கறுப்புப் பாறைகளும், கரையில் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பெண்களும் நாவலில் உள்ளபடியே இருக்கிறார்கள்.

வீட்டை மீட்டுவிடுகிறார்களே, அப்படியானால் முடிவை ஏன் சோகம் என்கிறீர்கள்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

மீட்பவன் கடைக்குட்டிப் பேரன் அலெஸ்ஸி. அதைக் காணாமலே தாத்தா கத்தானியா மருத்துவமனையில் இறந்துவிடுகிறார். சிறையிலிருந்து வந்த ந்தோனி ஓர் இரவு கதவைத் தட்டுகிறான். வீட்டு நாய் அவனைப் பார்த்துக் குரைக்கிறது. தம்பி இங்கேயே இருக்கச் சொல்கிறான். இந்த ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், இங்கே இருக்க முடியாது என்று அவன் கிளம்புகிறான். கிளம்பியவன் உடனே போய்விடவும் இல்லை. விடியும்வரை இருட்டில் உட்கார்ந்து கடலைக் கேட்கிறான். கடலுக்கும் ஊர் என்று ஒன்று கிடையாது, கேட்பவர்கள் எல்லோருக்கும் அது சொந்தம், ஆனாலும் ட்ரெட்ஸாவில் அது முணுமுணுக்கும் விதமே தனி என்று வெர்கா அங்கே எழுதுகிறார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. யார் முதலில் கடை திறப்பார், யார் எந்த வாசலில் வந்து உட்காருவார் என்று அவனுக்கு மனப்பாடம். அவன் ஒருவன் இல்லாமலே அந்த நாள் தொடங்கப்போகிறது. எல்லோருக்கும் முன்னால் தம் நாளைத் தொடங்கியவர் ரோக்கோ ஸ்பாத்து என்பதுதான் அவன் கடைசியாகக் கவனிப்பது. ஊரிலேயே பெயர்பெற்ற சோம்பேறிக் குடிகாரர் அவர்.