ஃபிளவுண்டர் கடிக்கிறது, ஆனால் மாட்டவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: கழிமுகக் கரையில் நின்று, மிதவை கட்டி உயிர் இறால் போடுகிறேன். மற்ற மீன்கள் கிடைக்கின்றன, தரையில் படுத்துக் கிடக்கும் தட்டைமீனான ஃபிளவுண்டர் சிக்குவதில்லை. எப்போதாவது கடித்தாலும், சுண்டி இழுத்ததும் பாதி இரைதான் திரும்பி வருகிறது.

பதில்: முதலில் அந்த மிதவையைக் கழற்றிவிடுங்கள். ஃபிளவுண்டர் பெரும்பாலும் இரையைத் துரத்தி அலைவதில்லை. இரண்டு கண்களும் மேலே தெரிய, மணலுக்குள் உடம்பைப் புதைத்து, தரையின் நிறத்துக்கு மாறிக் காத்துக் கிடக்கும். இரை தரையை ஒட்டி அதன் முகத்துக்கு நேராகப் போக வேண்டும். துளையுள்ள ஈயக்குண்டைத் தூண்டில் நரம்பில் கோத்து, அதற்குக் கீழே ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் சிறு உலோக இணைப்பு) கட்டி, அங்கிருந்து ஒன்றரை அல்லது இரண்டு அடி தள்ளி முள்ளைக் கட்டுங்கள். மீன் இழுத்தால் நரம்பு துளை வழியே நழுவும், ஈயத்தின் பாரம் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. இரைக்கு, உதட்டில் முள் குத்திய சின்ன மடவையே என் தேர்வு. இறாலைப் பொடிமீன்கள் கொத்தித் தீர்த்துவிடும்.

இடம் என்றால், நீர் வற்றும் நேரத்து ஓடைவாய்தான். வற்றத்தோடு குஞ்சுமீன்கள் வெளியே வரும். ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்பிலும் பாலத்தூண் ஓரத்திலும் ஃபிளவுண்டர் அவற்றுக்காகப் படுத்திருக்கும். நீரோட்டத்துக்கு மேல்பக்கமாக வீசி, மெதுவாக இழுங்கள். கொஞ்சம் நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். ஒரு மீன் கிடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் போடுங்கள், பக்கத்தில் இன்னொன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், நீங்கள் சுண்டும் அந்த நொடி. இந்த மீன் இரையை முதலில் பல்லால் கவ்விப் பிடித்துக்கொள்ளும், விழுங்குவது பிறகுதான். 'டக்' என்று ஒரு தட்டு, பின் ஈரத்துணி மாட்டியதுபோல ஒரு கனம். உடனே இழுத்தால் பாதி இரைதான் வரும். நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி ஐந்தாறு நொடி பொறுங்கள், பெரிய இரையென்றால் இன்னும் சற்று. பிறகு சுண்டாமல், தளர்வைச் சுற்றியெடுத்துக் கழியைச் சீராக உயர்த்துங்கள். ரப்பர் மீன் போன்ற செயற்கை இரைக்கு மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம், தட்டு தெரிந்ததும் இழுத்துவிடுங்கள்.

குளிர்நீரில் வாழும் விண்டர் ஃபிளவுண்டருக்கு வாய் மிகச் சிறியது. அதற்குச் சின்ன முள்ளும் கடற்புழுவும்தான் சரி.

கரைக்கு வந்ததும் தலையை நீருக்கு மேலே தூக்காதீர்கள். அந்த உதறலில்தான் பல மீன்கள் முள்ளைக் கழற்றிக்கொண்டு போகின்றன. கைவலையை முன்பே நீருக்குள் இறக்கி வைத்து, மீனை அதற்குள் தலைமுதலாக வரவிடுங்கள்.