மேற்பக்கம் மட்டும் வெனீர் ஒட்டிய மேசைப் பலகை: இரும்புக் கால் அதை நிமிர்த்துமா?

கேள்வி: ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசை ஒன்றைச் செய்யக் கொடுத்தேன். 19 மி.மீ. பிளைவுட், 6 அடி நீளம், 3 அடி அகலம். மேற்பக்கம் மட்டும் தேக்கு வெனீர் ஒட்டியிருக்கிறார்கள். பாலிஷ் இன்னும் போடவில்லை. மூன்று வாரத்தில் நீள விளிம்புகள் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டன. குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்தால் நடுவில் 5 மி.மீ. இடைவெளி தெரிகிறது. “இரும்புக் கால் மாட்டி முடுக்கினால் தானாக நிமிர்ந்துவிடும், அடியில் ஒரு கோட் பெயின்ட் அடித்தால் போதும்” என்கிறார் தச்சர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். கால்களை மாட்டவும் விடாதீர்கள். பலகை இன்னும் கைவிட்டுப் போகவில்லை. அடிப்பக்கத்திலும் வெனீர் ஒட்டினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பாலிஷ் போட்டுக் காலும் மாட்டிய பிறகு கேட்டிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

வெனீர் என்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிய நிஜ மரம். பசையிலுள்ள தண்ணீரைக் குடித்ததும் அது அகலவாக்கில் விரியும், விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், காயும்போது சுருங்கப் பார்க்கும். ஒட்டிக்கொண்ட பிறகு தனியாகச் சுருங்க வழியில்லை. பலகையையும் சேர்த்து இழுக்கும். இத்தனை மெல்லிய ஏடா 19 மி.மீ. பலகையை வளைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லாவிட்டால் வளைக்கும். உங்கள் மேசையில் நார் நீளவாக்கில் ஓடுகிறது போலும். இழுப்பு எப்போதும் நாருக்குக் குறுக்கேதான் இருக்கும். நீள விளிம்புகள் எழும்பியதற்கு அதுவே காரணம். அடியிலும் ஒரு ஏடு இருந்தால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். அங்கே தேக்கு வேண்டியதில்லை, மலிவான மரம் போதும். கனமும் நார் ஓடும் திசையும் பசையும் மேற்பக்கத்தைப் போலவே இருக்க வேண்டும்.

பெயின்ட் எதையும் இழுக்காது. காற்றின் ஈரம் அடிப்பக்கமாக ஏறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

இரும்புக் கால் விஷயத்தில் தச்சர் பாதி உண்மை சொல்கிறார். முடுக்கினால் பலகை கொஞ்சம் படியும். ஆனால் 3 அடி அகல மேசைக்குக் காலின் மேல்பட்டை பெரும்பாலும் இரண்டரை அடிதான் வைப்பார்கள். அந்த இரண்டு பட்டைகளின் மேல் மட்டும் பலகை படிந்திருக்கும். நடுவிலும் இரு முனைகளிலும் பழைய வளைவு அப்படியே நிற்கும். திருகாணிகளோ இரவும் பகலும் அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பிளைவுட்டில் அவை ஒருநாள் பிடி விடும். கால் மெல்லிய குழாயாக இருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: பலகை நிமிர்வதற்குப் பதில் கால் முறுக்கிக்கொண்டு மேசை ஆடத் தொடங்கும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அடிப்பக்கத்தில் ஏற்கெனவே பெயின்ட்டோ பிரைமரோ அடித்திருந்தால் 80 எண் உப்புத்தாளால் வெறும் மரம் தெரியும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். மட்டமான தளத்தின் மேல் பலகையைக் கவிழ்த்து, வெள்ளைத் தச்சுப் பசையைப் பலகையில் மட்டும் சீராகப் பரப்பி, ஏட்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, கனமான தட்டைப் பலகை ஒன்றை ஏற்றி, சுற்றிலும் கிளாம்ப் போட வேண்டும். கிளாம்ப் விளிம்பைத்தான் எட்டும், நடுவுக்கு வராது. அதனால் நடுவில் லேசாகப் புடைத்த குறுக்குச் சட்டங்களை வைத்து முடுக்குவார்கள். ஒரு முழு நாள் அழுத்தத்தில் இருக்கட்டும். எடுத்த பிறகு தரையில் படுக்கவைக்காதீர்கள். இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி சட்டங்களின் மேல் ஒரு வாரம் கிடக்கட்டும். பாலிஷும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் போக வேண்டும். அதற்குப் பிறகும் 2 மி.மீ.க்கு மேல் வளைவு நின்றால் புதுப் பலகை கேளுங்கள்.

“அழுத்தி வைப்பதற்கெல்லாம் நேரமில்லை, ரப்பர் பசையில் பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன்” என்று நிச்சயமாகச் சொல்வார்கள். விடாதீர்கள். ரப்பர் பசை எத்தனை காலமானாலும் கெட்டிப்படாது. மரம் விரிந்து சுருங்கும்போதெல்லாம் ஏடு அதன் மேல் வழுக்கி நகரும். சூடான பாத்திரம் வைத்த இடத்தில் கொப்புளம் எழும்பும். பாலிஷில் உள்ள கரைப்பான் மெல்லிய ஏட்டை ஊடுருவிப் பசையையே இளக்கும். என்னிடம் வந்த கொப்புள மேசைகளில் பெரும்பாலானவை இந்தப் பத்து நிமிட மேசைகள்தான். அவசரம் தச்சருக்கு, அடுத்த வேலை காத்திருக்கிறது. கொப்புளம் வரும்போது பாலிஷ்காரர் மேல் தவறு என்பார். பாலிஷ்காரர் வெனீர் விற்ற தரகரைக் கைகாட்டுவார். தரகர் உங்கள் வீட்டு ஈரத்தைக் குறை சொல்வார். மரத்துக்கு ஒருவர், இரும்புக்கு ஒருவர், மெருகுக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மொத்த மேசைக்கு யாரும் பொறுப்பில்லாத இந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் தச்சர் அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். வெனீர் இரண்டு விதமாக விற்கப்படுகிறது: ஒன்று வெறும் ஏடு, மற்றது 4 மி.மீ. பிளைவுட்டின் மேல் தொழிற்சாலையிலேயே ஒட்டி வருவது. உங்களுடையது எதுவென்று பலகையின் வெட்டு விளிம்பைப் பார்த்தால் தெரியும். மேலே தேக்கு ஒரு மயிரிழைக் கோடாக மட்டும் தெரிந்தால் வெறும் ஏடு. தேக்குக் கோட்டுக்குக் கீழே மெல்லிய அடுக்குகள் சில, அதற்கும் கீழே 19 மி.மீ. பலகையின் அடுக்குகள் என்று தெரிந்தால் இரண்டாவது வகை. அந்த 4 மி.மீ. தகட்டுக்குள் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் இழுப்பு வெகு குறைவு. சுவரோடு அறைந்த அலமாரி, நாலாபுறமும் சட்டத்துக்குள் அடைபட்ட கதவு ஆகியவற்றில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினாலும் பெரிய சிக்கல் வராது. மேசைப் பலகை அப்படியல்ல, எதிலும் அடைபடாமல் நிற்பது. அதனால் மேசைக்கு அந்த வகையை எடுத்தாலும் அடியில் 4 மி.மீ. சாதாரணத் தகடு ஒன்றை ஒட்டத்தான் சொல்வேன். ஆக, விதிவிலக்கு இருக்கிறது. உங்களுக்கு அதனால் பயனில்லை. மேலும், 5 மி.மீ. வளைந்திருப்பதைப் பார்த்தால் உங்களுடையது வெறும் ஏடாகத்தான் இருக்கும்.

காலுக்கு வருவோம். 50 மி.மீ. சதுரக் குழாய், சுவர்க் கனம் 2 மி.மீ. என்று எழுதி வாங்குங்கள். அதே 2 மி.மீ. கனத்தைக் குறிக்கும் ‘14 கேஜ்’ என்று பேசி 18 கேஜ் போடுவது வெல்டிங் பட்டறைகளில் பழைய தந்திரம். எண் கூடக் கூடத் தகடு மெலிகிறது என்ற தலைகீழ்க் கணக்கு வாங்குபவரைக் குழப்பவே பிழைத்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ.தான். பெயின்ட் அடித்து மூடியும் போட்டபின் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தராசால் முடியும். இந்தக் குழாய் 2 மி.மீ. கனத்தில் மீட்டருக்கு 3 கிலோ வரும், 1.2 மி.மீ. என்றால் 1.8 கிலோதான். பட்டறையில் கிடக்கும் வெட்டுத் துண்டு ஒன்றை நிறுத்துப் பாருங்கள்.

கடைசியாக, காலைப் பலகையோடு இணைக்கும் ஆணி. திருகாணியைவிட, பலகைக்குள் உள்மரை போட்ட உலோகக் குழலைப் பதித்து 8 மி.மீ. மரையாணியால் முடுக்குவது நல்லது. கழற்றி மாட்டினாலும் பிடி தளராது. உங்கள் பலகை 19 மி.மீ.தான். துளையின் ஆழம் 14 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. துளையிடும் ஊசியில் அந்த அளவில் ஒரு டேப்பைச் சுற்றச் சொல்லி, முதல் துளை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.