லாபிரிந்த்: ஒரு சொல்லின் பிறப்பும் பொருளும் (கேள்வி பதில்)

‘லாபிரிந்த்’ என்னும் சொல்லைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியுள்ளேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: லாபிரிந்த், மேஸ் இரண்டும் ஒன்றுதானா? அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருளைத்தான் பார்க்கிறேன்.

பொது வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே ஆள்கிறார்கள். அதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் இத்துறையில் எழுதுவோர் பிரித்தே பேசுகிறார்கள். லாபிரிந்த் என்பது கிளை பிரியாத ஒற்றைப் பாதை. அது எத்தனை முறை வளைந்து திரும்பினாலும், நடந்துகொண்டே இருந்தால் நடுவிடத்தை அடைந்துவிடலாம். பிரான்சின் சார்ட்ரெஸ் பேராலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த வட்டம் இதற்குச் சிறந்த சான்று: ஏறத்தாழ 13 மீட்டர் விட்டத்துக்குள் 260 மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள பாதை மடிந்து கிடக்கிறது. மேஸ் என்பதிலோ வழிகள் பிரியும், முட்டுச்சந்துகள் இருக்கும், தவறான திருப்பத்தைத் தேர்ந்தால் திரும்பி வர நேரும். லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செடிவேலியால் அமைத்தது இவ்வகை.

கேள்வி: ஒரே பாதைதான் என்றால், கிரேக்கக் கதையில் தீசியஸுக்கு நூல் எதற்கு?

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரீட் தீவின் அரசன் மினோஸ், மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மினோட்டாரை அடைத்து வைப்பதற்காக, டேடலஸ் என்னும் சிற்பியைக் கொண்டு வெளியேற வழி தெரியாத ஒரு கட்டடத்தை எழுப்பினான். அதனுள் சென்ற தீசியஸ், அரசன் மகள் அரியாட்னி கொடுத்த நூலுருண்டையின் துணையால் மினோட்டாரைக் கொன்று மீண்டான். ஆங்கிலத்தில் ‘துப்பு’ என்ற பொருளில் வழங்கும் ‘க்ளூ’ என்னும் சொல்லுக்கு முதற்பொருள் நூலுருண்டைதான். இன்றைய பொருள் இந்தக் கதையின் வழியாக வந்தது.

உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. கதை சொல்வது வழி தவறச் செய்யும் கட்டடத்தை. ஆனால் கதை நிகழ்ந்த நோசஸ் நகரமே வெளியிட்ட பழைய நாணயங்களில் பொறித்திருப்பதோ, பெரும்பாலும் ஏழு சுற்றுகள் கொண்ட ஒற்றைப் பாதை. இந்த முரண்பாட்டுக்கு ஆய்வாளர்கள் சிலர் தரும் விளக்கம் நடனம். இலியட் காவியத்தின் 18ஆம் பகுதியில், நோசஸில் அரியாட்னிக்காக டேடலஸ் அமைத்த ஆடுகளம் வருகிறது, கட்டடம் வரவில்லை. தீசியஸும் அவனுடன் கிரீட்டிலிருந்து மீண்ட ஏதென்ஸ் இளைஞர்களும் டீலோஸ் தீவில் லாபிரிந்தின் வளைவுகளைப் போல வளைந்து வளைந்து ஆடினார்கள் என்றும், அதற்குக் ‘கொக்கு நடனம்’ என்று பெயர் என்றும் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஆடுவோர் கைகோத்துச் செல்லும் தடமே முதலில் இந்த உருவமாக இருந்திருக்கலாம் என்பது முடிந்த முடிபு அன்று. ஆயினும், சொல்லப்படும் விளக்கங்களுள் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது இதுவே.

கேள்வி: ‘இரட்டைக் கோடரி மாளிகை’ என்பதுதான் லாபிரிந்தின் மூலப்பொருள் என்று பல இடங்களில் படித்தேன். அது உறுதியானதா?

இதைத்தான் மிகுதியானோர் கேட்டிருக்கிறீர்கள். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். லிடிய மொழியில் கோடரிக்கு ‘லாப்ரிஸ்’ என்று பெயர் எனப் புளூட்டார்க் ஒரு குறிப்புத் தருகிறார். அதை லாபிரிந்தோடு 1892இல் மாக்சிமிலியன் மாயர் இணைத்தார். 1900இல் நோசஸில் அகழ்வைத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ், சிக்கலான அறைகளைக் கொண்ட பேரரண்மனையின் தூண்களிலும் சுவர்களிலும் இரட்டைக் கோடரிக் குறிகளைக் கண்டபோது, அந்தக் கருத்தை உலகறியச் செய்தார். கேட்பதற்கு எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. அதனாலேயே நூறாண்டுகளாக நிலைத்திருக்கிறது.

ஆனால் லிடியா இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த நாடு. கிரீட்டில் கோடரியை அந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை.

அடுத்தது எழுத்துச் சான்று. மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்தறிந்த லீனியர் பி என்னும் மிகப் பழைய கிரேக்க எழுத்தில் அமைந்த நோசஸ் களிமண் பலகை ஒன்றில் இரண்டே வரிகள் உள்ளன: எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரு சாடி தேன், ‘டாபுரிதோ’வின் தலைவிக்கு ஒரு சாடி தேன். கிடங்குக் கணக்கர் ஒருவர் குறித்து வைத்த இந்த வரவுசெலவே, 3,200 ஆண்டுகளுக்கும் முற்பட்ட, இச்சொல்லின் மிகப் பழைய பதிவு என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். எல்லாத் தெய்வங்களுக்கும் சேர்த்து ஒரு சாடி, இவள் ஒருத்திக்கு மட்டும் ஒரு சாடி என்பதைக் கவனியுங்கள். யாரென்றே நாம் அறியாத அந்தத் தலைவி அங்கே எத்தகைய மதிப்புடன் இருந்திருக்க வேண்டும்! இங்கே சொல் ‘ட’ ஒலியில் தொடங்குகிறது. லகரத்தைக் குறிக்க அந்த எழுத்துமுறையில் வேறு வரிசை உண்டு; கோடரியின் பெயரிலிருந்து பிறந்த சொல்லாயின் அந்த வரிசையை எதிர்பார்க்கலாம். எனினும் கிரேக்கத்துக்கு முற்பட்ட சொற்களில் இவ்விரு ஒலிகளும் மாறி வருவதுண்டு. ஒடிசியஸ் என்னும் பெயரே லத்தீனில் உலிக்ஸஸ் என்று லகரத்தோடு வழங்குகிறது. ஆகவே கோடரிக் கருத்தை அடியோடு தள்ளவும் வழியில்லை, நிறுவவும் வழியில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: ‘-இந்தோஸ்’ என்னும் ஈறு, கொரிந்தோஸ் என்ற ஊர்ப்பெயரிலும் ஹயகிந்தோஸ் என்ற மலர்ப்பெயரிலும் வருவதைப் போல, கிரேக்கர் அந்நிலத்துக்கு வருமுன் அங்கே வழங்கிய மொழிக்கு உரியது. அந்த மொழி அழிந்துவிட்டது.

கேள்வி: லத்தீனில் ‘உள்ளே உழைப்பு’ என்ற பொருளிலிருந்து வந்தது என்கிறார்களே?

இடைக்கால ஐரோப்பியர் ‘லாபோர் இந்துஸ்’ என்று சொல்லைப் பிரித்துப் பார்த்துக் கற்பித்த பொருள் அது. சமய விளக்கத்துக்கு உதவியது. சொல்வரலாற்றில் அதற்கு இடமில்லை.

கேள்வி: எகிப்திலும் ஒரு லாபிரிந்த் இருந்ததா?

இருந்தது. மோரிஸ் ஏரிக்கருகே தாம் கண்ட மாபெரும் கட்டடத்தைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இப்பெயரால் குறிக்கிறார்: மேலே 1,500 அறைகள், நிலத்தடியில் 1,500 அறைகள். அரசர்களும் புனித முதலைகளும் அடக்கமான இடம் என்று கூறிக் காவலர்கள் கீழ்த்தளத்தை அவருக்குக் காட்டவில்லை. அது ஹவாரா என்னும் இடத்தில் எகிப்திய அரசன் மூன்றாம் அமெனெம்ஹத் தன் பிரமிடை ஒட்டி எழுப்பிய கோயில். 1888இல் அங்கு அகழ்ந்த பிளிண்டர்ஸ் பெட்ரிக்குக் கிடைத்தது பெரும்பாலும் கற்சில்லுகள் பரவிய அடித்தளமே.

கேள்வி: நம் பகுதியில் இந்த உருவம் உண்டா?

உண்டு. கர்நாடகத்தில் ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயிலின் புடைப்புச் சிற்பத்தில் அபிமன்யு நுழைந்த சக்கரவியூகம் இவ்வடிவில் அமைந்துள்ளது. ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய இசுலாமிய அறிஞர் அல்பிரூனி, இலங்கையில் இராவணன் கட்டிய கோட்டையின் வரைபடமாக இதையே தருகிறார். தமிழகத்தில் இதை ‘ஏழு சுற்றுக் கோட்டை’ என்பார்கள்.

கேள்வி: நான் மருத்துவ மாணவி. உட்செவிக்கு ஏன் இந்தப் பெயர்?

பொட்டெலும்பின் மிகக் கடினமான பகுதிக்குள் மூன்று அரைவட்டக் குழல்களும், அவை வந்து சேரும் சிற்றறையும், நத்தை ஓடு போல் சுருண்ட காக்ளியாவும் ஒன்றோடொன்று திறந்து கிடப்பதுதான் காரணம். 16ஆம் நூற்றாண்டு உடற்கூற்றியலார் வெட்டிப் பார்த்தபோது அவர்கள் கண்ட வடிவமே பெயராயிற்று. அங்கே அழற்சி ஏற்பட்டால் ‘லாபிரிந்தைட்டிஸ்’. தலைசுற்றல் அதன் முதன்மையான அறிகுறி.

கேள்வி: மீன்தொட்டிக் கடையில் ‘லாபிரிந்த் மீன்’ என்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்புண்டா?

பெயர்த் தொடர்பு நேரானதே. கௌராமி, ஃபைட்டர் மீன் ஆகியவற்றுக்குச் செவுள்களுக்கு மேலே, மெல்லிய எலும்புத் தகடுகள் மடிந்து மடிந்து அமைந்த ஓர் உறுப்பு இருக்கிறது; குருதி நாளங்கள் நிறைந்த தோல் அதைப் போர்த்தியிருப்பதால், விழுங்கிய காற்றிலிருந்து அது உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. நம் குளங்களின் பனையேறிக் கெண்டையும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. தரங்கம்பாடியில் 1791இல் பனைமரப் பட்டையின் பிளவிலிருந்து அந்த மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்னும் டேனிய அதிகாரி எழுதிய குறிப்பு 1797இல் லண்டனில் வெளியானது. தொட்டியில் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்க முடியாவிட்டால் மூச்சுத் திணறி இறந்துபோகக்கூடும். ஆகையால் தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல், மூடிக்கும் நீருக்கும் நடுவே இடைவெளி விட்டு வையுங்கள்.