பட்டியலில் ஊர்ப் பெயர் வந்துவிட்டது, பணம் எப்போது வரும்?

கேள்வி: நியூ ஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறோம். 2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயல் மழையில் எங்கள் தெருவில் பல வீடுகளில் பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணீர். இப்போது எங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் இணையதளத்தில், அவர் ஃபெடரல் நிதி கேட்டிருக்கும் திட்டங்களின் பட்டியலில் எங்கள் டவுன்ஷிப்பின் மழைநீர்க் குழாய் மாற்றும் வேலையும் 20 லட்சம் டாலர் என்று இருக்கிறது. பணம் வந்துவிட்டதா? வேலை எப்போது தொடங்கும்? இதே வழியில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு கட்டடம் கேட்க முடியுமா?

பதில்: பணம் வரவில்லை. நீங்கள் பார்த்தது கேட்ட பட்டியல், கொடுத்த பட்டியல் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் ஊரே சந்தோஷப்பட்டு, அடுத்த வருஷம் "எங்கே போச்சு அந்தப் பணம், யார் சாப்பிட்டார்கள்" என்று டவுன்ஷிப் கவுன்சிலில் சண்டை நடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உள்ளூர் அரசு ஒன்றில் மானியக் கோப்புகளோடுதான் பல வருஷம் வேலை செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியல் ஏன் இணையதளத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிரதிநிதிகள் சபையில் இதற்கு 'கம்யூனிட்டி ப்ராஜெக்ட் ஃபண்டிங்' என்று பெயர், செனட்டில் வேறு பெயர், பழைய ஆட்கள் இன்னமும் 'இயர்மார்க்' என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் இது யாருக்கும் தெரியாமல் மசோதாவுக்குள் சொருகப்படும். 2005-ல் அலாஸ்காவின் கெச்சிகன் ஊரிலிருந்து, விமான நிலையமும் ஐம்பது பேர் அளவுக்குக் குடியிருப்பும் இருந்த கிராவினா தீவுக்குப் பாலம் கட்ட 22 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது நாடு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. அதே வருஷம் கலிஃபோர்னியா உறுப்பினர் ராண்டி கன்னிங்காம், இப்படி ஒதுக்கீடு வாங்கித் தருவதற்காக ராணுவ ஒப்பந்தக்காரர்களிடம் 24 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு பதவி விலகினார், அப்புறம் சிறைக்கும் போனார். 2011-ல் இந்த முறையையே நிறுத்தி வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2022 நிதியாண்டுக்காகத் திரும்பக் கொண்டுவந்தபோது புதுக் கட்டுப்பாடுகள் போட்டார்கள்: லாப நோக்குள்ள நிறுவனத்துக்குக் கேட்கக் கூடாது, ஓர் உறுப்பினர் இத்தனை கோரிக்கைதான் தரலாம் (முதல் வருஷம் 10, அடுத்த வருஷம் 15), கேட்டதை எல்லாம் பொதுவில் போட வேண்டும். அந்த மூன்றாவது கட்டுப்பாட்டினால்தான் உங்கள் ஊர்ப் பெயர் உங்கள் கண்ணில் பட்டது.

மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து, உங்கள் திட்டத்துக்குக் கீழே இருப்பதை நிதானமாகப் படியுங்கள். திட்டத்தின் பெயர், பணம் பெறப்போகிறவர் யார், அவருடைய முகவரி, தொகை, மக்கள் வரிப்பணத்தை இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று இரண்டு மூன்று வரி, இவ்வளவு இருக்கும். பக்கத்திலேயே உறுப்பினர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதமும் இருக்கும், எனக்கோ என் நெருங்கிய குடும்பத்தாருக்கோ இதில் பண ஆதாயம் இல்லை என்று. பெறுபவர் இடத்தில் டவுன்ஷிப் பெயர் இருக்கிறதா, கவுண்டி பெயரா, அல்லது கழிவுநீர் வாரியத்தின் பெயரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனிமேல் நீங்கள் போய் நிற்க வேண்டியது அந்த வாசலில்தான், காங்கிரஸ் உறுப்பினர் வாசலில் இல்லை.

இனி வழி எப்படிப் போகிறது என்றால், வருஷத் தொடக்கத்தில் ஊர்கள் உறுப்பினரிடம் மனு கொடுக்கும், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில். அவர் பொறுக்கியெடுத்து ஒதுக்கீட்டுக் குழுவுக்கு அனுப்புவார். குழு கோடைக்காலத்தில் மசோதா எழுதும், அதில் உங்கள் தொகையைப் பாதியாகக் குறைத்தாலும் குறைக்கும், கேட்ட 20 லட்சம் அப்படியே வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அக்டோபர் 1 அன்று நிதியாண்டு தொடங்கிவிடும், ஆனால் மசோதா அதற்குள் நிறைவேறுவது ரொம்ப அபூர்வம். பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டும் ஒத்துப்போய், ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால்தான் அது பணம்.

இது எவ்வளவு தூரம் கைவிட்டுப் போகும் என்பதற்கு 2025 நிதியாண்டை மறக்கவே முடியாது. ஊர்கள் 2024 வசந்தத்தில் மனு கொடுத்தன, கோடையில் குழுவின் பட்டியலில் ஆயிரக்கணக்கான திட்டங்கள் ஏறின, உள்ளூர்ப் பத்திரிகைகளில் படம் போட்டுச் செய்தி வந்தது. கடைசியில் 2025 மார்ச்சில் காங்கிரஸ் முந்தைய வருஷச் செலவையே நீட்டிக்கும் தற்காலிக மசோதாவையே முழு ஆண்டுக்கும் நிறைவேற்றியது, அதில் ஒரு உள்ளூர்த் திட்டம்கூட இல்லை. அத்தனையும் பூஜ்யம். அதற்கு முந்தைய 2024 நிதியாண்டில் சுமார் 8,000 திட்டங்களுக்கு 1,460 கோடி டாலர் போயிருந்தது என்று நினைத்துப் பார்த்தால், எத்தனை ஊர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கும் என்று தெரியும். குழாய் மாற்ற வேண்டிய ஊர், காத்திருந்து மறுபடி முதலிலிருந்து மனு எழுதியது.

சரி, சட்டமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் செக் தபாலில் வராது. மழைநீர், கழிவுநீர், குடிநீர் வேலைகள் பெரும்பாலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வின் கணக்கில்தான் வரும், அங்கே பொதுவாக மொத்தச் செலவில் 80 சதவீதம் வரைதான் ஃபெடரல் பணம், மீதி 20 ஊர் போட வேண்டும். உங்கள் வேலைக்கு 25 லட்சம் ஆகிறது என்றால் 20 லட்சம் அங்கிருந்து, 5 லட்சம் உங்கள் டவுன்ஷிப் பட்ஜெட்டிலிருந்து. பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவின் பேரிடர் தடுப்புக் கணக்கில் போனால் ஊரின் பங்கு வழக்கமாக 25 சதவீதம். என் அனுபவத்தில் நல்ல திட்டங்கள் செத்துப்போவது வாஷிங்டனில் இல்லை, இந்த ஊர்ப் பங்கில்தான். பட்டியலில் பெயர் வந்த சந்தோஷத்தில் 5 லட்சத்தை யார் தருவது என்று யாரும் கேட்பதில்லை, பணம் ஒதுக்கின பிறகு கவுன்சில் கடன் பத்திரம் வெளியிடலாமா வேண்டாமா என்று ஒரு வருஷம் ஓட்டும், அதற்குள் குழாய் விலை ஏறிவிடும்.

அப்புறம் சுற்றுச்சூழல் ஆய்வு. இது முடிகிறவரை மண்வெட்டி எடுக்கக் கூடாது. நான் பார்த்த ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) வேறொரு திட்டத்தில், ஒதுக்கீடு வந்த ஜோரில் ஆய்வுக்கு முன்னாலேயே பக்கத்து மனையை வாங்கி, இருந்த பழைய ஷெட்டையும் இடித்துவிட்டார்கள், நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். கோப்பு அங்கேயே நின்றது, மனைக்குக் கொடுத்த பணம் ஊர் தலையில் விழுந்தது. சட்டமாவதற்கு முன் செய்த செலவையும் பொதுவாகத் திரும்பக் கேட்க முடியாது. ஆய்வு, ஒப்பந்தம், டெண்டர், அமெரிக்கத் தயாரிப்புப் பொருள்தான் வாங்க வேண்டும் என்கிற விதி எல்லாம் தாண்டி வேலை தொடங்க, சட்டமான நாளிலிருந்து இரண்டு மூன்று வருஷம் என்று மனதில் வையுங்கள். அந்த இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு உங்கள் பேஸ்மென்ட்டுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வது அவசியம், வெள்ளக் காப்பீடு எடுக்கவில்லை என்றால் இப்போதே எடுங்கள், வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும்.

தமிழ்ப் பள்ளி விஷயம். நேரடியாக உங்கள் சங்கத்தின் பெயரில் கட்டடம் கேட்பது கஷ்டம். கட்டடங்களுக்குப் பொதுவாகப் பயன்பட்டுவந்தது வீட்டுவசதி, நகர மேம்பாட்டுத் துறையின் கணக்கு, ஆனால் 2025 நிதியாண்டு விதியில் பிரதிநிதிகள் சபை அந்தக் கணக்கில் லாப நோக்கற்ற அமைப்புகளை விலக்கிவிட்டது. செனட் அப்படி விலக்கவில்லை, அதனால் உங்கள் இரண்டு செனட்டர்களின் அலுவலகங்களிலும் இந்த ஆண்டு விதியைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன, போன வருஷம் யாருக்கோ கிடைத்தது என்பதை நம்பி இறங்காதீர்கள். என்னைக் கேட்டால், டவுன்ஷிப்பே கட்டும் சமூகக் கூடமாகப் போங்கள். சொந்தக்காரர் டவுன்ஷிப், சனி ஞாயிறு காலையில் வகுப்பறைகள் உங்களுக்கு, மற்ற நேரம் முதியோர் வகுப்பு, மற்ற சமூகத்தாரின் நிகழ்ச்சிகள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேட்பதைவிட ஊருக்கே என்று கேட்டால் ஆதரவுக் கடிதமும் சுலபமாகக் கிடைக்கும், மனுவோடு ஊர் ஆதரவுக்கு இப்படி ஆதாரம் காட்டியே ஆக வேண்டும். ஃபெடரல் பணத்தில் ஃபைல் வேலை எவ்வளவு என்பதையும் யோசியுங்கள்: கொள்முதல் விதி, ஆவணம், கணக்குத் தணிக்கை, வார இறுதியில் மட்டும் கூடும் தன்னார்வலர்களால் அதைச் சுமக்க முடியாது, டவுன்ஷிப்பில் அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து மூன்று கேள்வி கேட்பது. எங்கள் பங்கு 20 சதவீதம் எந்த வருஷ பட்ஜெட்டில் இருக்கிறது? குழாய் வேலைக்குப் பொறியியல் வரைபடம் தயாரா? மாநிலத்தின் நீர்த்திட்ட முன்னுரிமைப் பட்டியலில் இது ஏறியிருக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால், இந்த வருஷம் போனாலும் அடுத்த வருஷ மனுவுக்கு உங்கள் ஊர் முன்னால் நிற்கும், மாநிலக் கடன் வழியும் திறந்திருக்கும். போகும்போது ஐடா அன்று எடுத்த படங்களை அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் வீட்டு எண், தேதி, தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று எழுதி கிளார்க்கிடம் கொடுத்து, கூட்டப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். மனு எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.